கருவியினும் கருத்தே பெரிது

விண்மீன் மண்டலங்கள் உருவாக நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகள் செல்லும். மனித ஆயுளிற் காணவொண்ணாத அவ்வரலாற்றைக் கணினி இன்று சில திங்களிற் கணித்துக் காட்டுகின்றது. எனினும், கருவியே அறிவென மயங்குதல் தவறு.

1941இல், கணினியின் துணையின்றியே, சுவீடன் நாட்டு எரிக் ஹோல்ம்பேர்க் 74 மின்குமிழ்களை இரு மண்டலங்களாகப் பரப்பி, அவை நெருங்கிக் கடக்குங்கால் நிகழ்வதை ஆராய்ந்தார். ஒளி, ஈர்ப்பு ஆகிய இரண்டும் தூரம் இருமடங்காகும்போது காற்பங்காகக் குறைவன. ஆதலின் ஒளியை அளந்தே ஈர்ப்பைக் கணித்தார். 1972இல் தூம்ரே சகோதரர் கணினி கொண்டு, சில மண்டலங்களின் நீண்ட வால்கள் அத்தகைய ஈர்ப்பால் விளைவன என விளக்கினர்.

விதியை உணராதார்க்குக் கணினி வெறும் படப்பெட்டியே. கல்லூரிக்குக் கணினி வழங்க முன்வரும் பழைய மாணவர்காள்! பௌதிக ஆய்கூடத்தையும் மறவாது பேணுவீராக.