கைத்தொழில் பக்கம்: வாரின் கடைசி நுனி

கைமுறுக்குச் சுற்றும் பாட்டிமாரை நேயர்கள் கவனித்திருக்கலாம். சுற்று முடிந்ததும் கடைசி நுனியை முந்திய சுற்றோடு சேர்த்து விரலால் மெல்ல அமுக்கிவிடுவார்கள். அந்த அமுக்கல் இல்லாவிட்டால் எண்ணெய்க்குள் போனதும் முறுக்கு வாலை நீட்டிக்கொண்டு நிற்கும். தோல் வேலை செய்து ஓரத்துக்கு வார் கோக்கிறவர்களுக்கும் இதே சங்கடந்தான். தோலை அளவாக வெட்டி, சித்திரம் அழுத்தி, சாயம் தீட்டி, துளையிட்டு, ஓரம் முழுவதும் வாரைக் கோத்து வந்துவிடுகிறார்கள். கடைசி நான்கு அங்குலத்தில் வந்து தவிக்கிறார்கள். கையில் மிஞ்சி நிற்கும் நுனியை என்ன செய்வது?

பெரும்பாலோர் ஒரு முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். நூலுக்கு முடிச்சு சரி. தோல் வாருக்கு அது உதவாது. வாரின் மேற்புறம் வழவழப்பானது. நூலைப் போல ஒன்றையொன்று கவ்விக்கொள்ளாது. மேலும், முடிச்சு விழுந்த இடம் புடைத்து நிற்கும். மணிபர்ஸைச் சட்டைப் பையில் போட்டு எடுக்கும்போதெல்லாம் அந்தப் புடைப்புத்தான் முதலில் உராயும். சில மாதங்களில் மேல்தோல் தேய்ந்து வார் அறுந்துவிடும். பிறகு நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கோத்த வாரெல்லாம் கம்பிச் சுருள்போல ஒவ்வொன்றாகக் கழன்று வரும். ஒரு சாண் கழன்ற பிறகுதான் உடையவருக்கே தெரியும்.

நம் பள்ளியில் ஒரு மாணவி, வெளியூருக்கு வேலை மாற்றலாகிச் செல்லும் தன் தந்தைக்கென்று ஒரு மணிபர்ஸ் செய்தாள். மேலே ஒரு தாமரை. அதற்கு இளஞ்சிவப்புச் சாயம். வெகு அழகு. நுனியை மட்டும் உட்புறத்தில் பசை தடவி ஒட்டியிருந்தாள். ஒட்டிய இடம் வாரின் வழவழப்பான புறம். பசை அங்கே எப்படிப் பிடிக்கும்? முதல் மாதச் சம்பளத்தை அதில் வைத்துக்கொண்டு ஊருக்கு வந்த தந்தை, ரயிலிலிருந்து இறங்கும்போது ஓரம் வாய் பிளந்திருப்பதைக் கண்டார். நல்லவேளை, பணம் போகவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் முகம் வாடிய வாட்டம் இருக்கிறதே, அதற்காகத்தான் இந்த வாரப் பக்கம் முழுவதையும் நுனிக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

முதலில் வாரின் அளவு. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் வார் 3/32 அங்குல அகலம் இருக்கும். எளிய சுருள் கோப்புக்கு, அதாவது துளைக்குத் துளை ஓரத்தைச் சுற்றிக்கொண்டே போவதற்கு, ஓரத்தின் நீளத்தைப்போலச் சுமார் மூன்றரை மடங்கு வார் வேண்டும். ஓரம் முழுவதும் சடை பின்னியதுபோலத் தோன்றும் இரட்டை வளையக் கோப்புக்கு ஏறக்குறைய ஏழு மடங்கு. விரித்து வைத்தால் 9 அங்குலமும் 4 அங்குலமும் உள்ள மணிபர்ஸுக்குச் சுற்றளவு 26 அங்குலம். ஆகவே சுருள் கோப்புக்கு இரண்டரை கஜம்; இரட்டை வளையத்துக்கு ஐந்து கஜத்துக்குச் சற்று மேல். இத்தனையையும் ஒரே வாராக ஊசியில் மாட்டிக்கொள்வது பேராசை. நூறு துளைகளில் நுழைந்து வரும்போது வாரின் பளபளப்பு உரிந்துவிடும். ஒரு கஜம், மிஞ்சினால் ஒன்றரை கஜம் எடுத்துக்கொண்டு, தீரத் தீர இணைத்துக்கொள்வதே நல்லது.

அப்படியானால் நுனிகள் கடைசியில் மாத்திரம் அல்ல, நடுவிலும் வருகின்றன. இணைப்பதற்கு, தீர்ந்த வாரின் நுனியை அரை அங்குலத்துக்குமேல் மேற்புறத்தில் சீவவேண்டும். புது வாரின் நுனியை அதே அளவு அடிப்புறத்தில் சீவவேண்டும். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் ஒற்றை வாரின் கனமே இருக்கவேண்டும். சைக்கிள் கடைகளில் விற்கும் ரப்பர் சொல்யூஷனை இரு முகங்களிலும் மெல்லியதாகத் தடவி, ஈரம் போய்ப் பிசுபிசுப்பு நிற்கும்வரை பொறுத்திருந்து, பிறகு ஒட்டி, கொட்டாப்புளியால் இரண்டு தட்டுத் தட்டவேண்டும். அந்தப் பொறுமைதான் நம் மாணவர்களிடம் கிடையாது. ஈரத்தோடு ஒட்டிவிட்டு, பசை சரியில்லை என்று கடைக்காரரை ஏசுவார்கள். சீவும் கத்தி சவரக் கத்திபோல் கூர்மையாக இருக்கவேண்டும். மொட்டைக் கத்தி வாரைச் சீவாது, கடித்துக் குதறும்.

இனிக் கடைசி நுனி. ஆரம்பிக்கும்போதே முடிவை நினைக்கவேண்டும் என்பதை இங்கே வெறும் உபதேசமாகச் சொல்லவில்லை. நுனியை ஒளித்து வைப்பதற்கு இரண்டு தோல்களுக்கு நடுவே இடம் வேண்டும். ஆகையால் மூலையிலோ, மடிப்பிலோ, ஒற்றைத் தோல் மாத்திரம் உள்ள இடத்திலோ கோக்க ஆரம்பிக்கக் கூடாது. உள்ளறை வந்து சேரும் நேரான ஓரமாகப் பார்த்து ஆரம்பிக்கவேண்டும்.

சுருள் கோப்பானால் வேலை சுலபம். ஆரம்ப நுனியை இரு தோல்களுக்கும் நடுவே படுக்க வைத்து அதன்மேலேயே சுற்றிக்கொண்டு போய்விடலாம். முடிவில், கடைசி நான்கு சுற்றுக்களையும் இறுக்காமல் தளர விடுங்கள். கடைசித் துளையில் ஊசியை முன்பக்கத் தோலில் மட்டும் நுழைத்து நடுவே கொண்டு வாருங்கள். அங்கிருந்து, தளர விட்ட நான்கு சுற்றுக்களுக்கும் அடியில், தோல்களின் நடுவாகவே நுனியைப் பின்னோக்கிச் செலுத்துங்கள். பிறகு மழுங்கிய குத்தூசியால் ஒவ்வொரு சுற்றாக வரிசைப்படி இறுக்கி வந்து, முடிவில் நுனியைப் பிடித்து இழுத்து, ஓரத்தோடு ஒட்ட வெட்டிவிடலாம். வெட்டிய நுனி தானாக உள்ளே ஒளிந்துகொள்ளும்.

இரட்டை வளையத்தில்தான் சாமர்த்தியம் வேண்டும். ஆரம்ப நுனியை ஓர் அங்குலம் தொங்க விட்டிருப்பீர்கள். சுற்றி வந்து ஒரே ஒரு துளை பாக்கி இருக்கும்போது நிறுத்துங்கள். அந்த ஆரம்ப நுனியை அது மாட்டிக்கொண்டிருக்கும் முதல் வளையத்திலிருந்து மெதுவாக உருவி, முன்பக்கத் துளையிலிருந்தும் எடுத்து, தோல்களின் நடுவே இழுத்துப் பசையிட்டு வெட்டிவிடுங்கள். இப்போது மேலே ஒரு வெற்று வளையமும், முன்பக்கத்தில் ஒரு வெற்றுத் துளையும் இருக்கும். பாக்கியுள்ள துளையை வழக்கம்போல் கோத்து, குறுக்குப் பின்னலுக்கு அடியில் விட்டு இறுக்குங்கள். அதன்பின் ஊசியை வெற்று வளையத்தினுள் கீழிருந்து மேலாக நுழைத்து, வளையத்தைத் தாண்டி, வெற்றுத் துளை வழியாக நடுவே இறக்குங்கள். மெல்ல இழுத்தால் முதல் பின்னலும் கடைசிப் பின்னலும் கை கோத்துக்கொள்ளும். எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று செய்தவராலேயே கண்டுபிடிக்க முடியாது. வங்காளத்திலிருந்து வரும் சாந்திநிகேதன் தோல் பைகளைக் கையில் எடுக்கும் நேயர்கள், அவற்றின் ஓரத்தில் நுனி எங்கே என்று தேடிப் பார்க்கட்டும், நல்ல பொழுதுபோக்கு.

இந்த வேலையைப் பற்றி ஒரு பெற்றோர் நம்மிடம் வந்து, “தோலைத் தொட்டுச் செய்யும் வேலையை நம் வீட்டுப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கலாமா, சார்?” என்று கேட்டார். அவர் காலில் இருந்ததும் தோல்தான். இடுப்பில் இருந்ததும் தோல்தான். ஆம்பூரும் வாணியம்பாடியும் இராணிப்பேட்டையும் திண்டுக்கல்லும் தோல் பதனிடுவதில் பெயர் பெற்ற ஊர்கள். ஆவாரம்பட்டையைக் கொண்டு தோல் பதனிட்ட கைகள் நம் நாட்டுக் கைகள். சென்னை அடையாற்றில் 1948-ல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டு, அங்கே பட்டதாரிகள் தோலைத் தொட்டுத்தான் ஆராய்கிறார்கள். தொடக் கூடாதது தோல் அன்று. பிறர் தொட்டுச் செய்ததைப் போட்டுக்கொண்டு, செய்தவரைத் தள்ளி நிறுத்தும் வழக்கந்தான்.

நுனியை மறைக்கும் வித்தையை நம் மாணவர்களுக்கு முதலில் காட்டியவர் பள்ளிக்கூட வாசலில் செருப்புத் தைக்கும் பெரியவர். வகுப்புக்கே அழைத்து, நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். முதலில் உட்காரத் தயங்கினார். “முடிச்சு எதுக்குங்க, ஐயா? தோலுக்குள்ளே விட்டா தோலே கவ்விக்குமுங்க” என்று சொல்லிவிட்டு, அரை நிமிஷத்தில் செய்து காட்டினார். “தாத்தா, இன்னொரு தரம்!” என்று பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். அன்று அவர் பதினோரு தடவை செய்து காட்டினார். மேலே சொன்ன பெண்ணின் தாமரைப் பர்ஸும் அன்றுதான் புது வாரோடு சீர்பட்டது.

எல்லாம் முடிந்தபின், ஓரம் முழுவதும் கொட்டாப்புளியால் லேசாகத் தட்டிச் சமன் செய்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வைத்துவிடவேண்டும். அன்றைக்கே எண்ணெய் பூசிப் பளபளப்பாக்க ஆசை வரும், வேண்டாம். எண்ணெய் பசையை இளக்கிவிடும். மீந்த வாரில் ஒரு முழத்தைச் சுருட்டி, அந்தப் பர்ஸின் உள்ளறையிலேயே போட்டுவையுங்கள். என்றேனும் பழுது பார்க்க நேர்ந்தால், அதே சாயத்தில் வார் தேடிக் கடை கடையாக அலைய வேண்டியிராது.