கைநாட்டு வைக்கும் முன்

வீட்டில் நகை திருட்டுப் போய்விட்டது. எழுதத் தெரியாதே என்று கலங்க வேண்டாம். போலீஸ் நிலையத்தில் வாயால் சொன்னால் போதும். அதை அவர்கள் எழுதிக்கொள்ள வேண்டும்; எழுதியதை உங்களுக்கு வாசித்துக் காட்டவும் வேண்டும். பலர் அதைக் கேட்காமலே கைநாட்டு வைத்துவிட்டு வருகிறார்கள். பெரிய தவறு! நீங்கள் சொன்னது 5 பவுன். தாளில் 3 பவுன் என்று இருந்தால்? கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார்.

இப்படிப் பதிவாவதுதான் எப்.ஐ.ஆர். என்னும் முதல் தகவல் அறிக்கை. நகல் இலவசம். (காசு கேட்டால் கொடுக்காதீர்கள்!) "எங்கள் எல்லை இல்லை" என்றும் தட்டிக்கழிக்க முடியாது. 1-7-2024 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு இப்படித்தான் சொல்லுகிறது. பதிய மறுத்தால், போலீஸ் சூப்பிரண்டுக்குத் தபாலில் எழுதலாம். அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கலாம்.