அசலில் கை வைக்காத பாடகி

மேற்கத்திய சங்கீதம் நமக்குப் புரியாது என்று ஒதுக்கிவிடுகிறோம். புரியாவிட்டாலும் பரவாயில்லை, அதில் பேர் வாங்கியவர்கள் குரலை எப்படிக் காப்பாற்றிக்கொண்டார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளலாம். மேடையேறத் துடிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு அது உபயோகப்படும்.

லியோன்டைன் பிரைஸ் 1927-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், லாரல் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா மர அறுவை ஆலைத் தொழிலாளி. அம்மா பிரசவம் பார்ப்பவர், தேவாலயத்தில் பாடுவார். கறுப்பர்களுக்குத் தனிப் பள்ளிக்கூடம் இருந்த காலம் அது. பாட்டு ஆசிரியையாக வேண்டும் என்று கல்லூரிக்குப் போன பெண், பிறகு நியூயார்க் ஜூலியார்ட் இசைப் பள்ளியில் ஃபிளாரன்ஸ் பேஜ் கிம்பல் அம்மையாரின் மாணவியானார்.

அவருடைய குரல் சொப்ரானோ. பெண் குரல்களில் மிக உயர்ந்த ஸ்தாயி. ஆப்பரா என்னும் இசை நாடகத்தில் வழக்கமாக மைக் கிடையாது. முழு வாத்தியக் குழுவையும் தாண்டி, கடைசி வரிசை வரை வெறும் தொண்டைதான் போய்ச் சேர வேண்டும். அதனால் கிம்பல் சொல்லிக் கொடுத்த பாடம் இது: வட்டியில் பாடு, அசலில் கை வைக்காதே.

பிரைஸ் அதை மறக்கவில்லை. 1958-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஆப்பரா, 'ஐடா' பாட அழைத்தது. ஐடா ஓர் அடிமைப் பெண். வேறு ஊர்களில் அந்த வேடத்தைப் பாடியவர்தான். ஆனாலும் அந்த மேடையில் ஒரு கறுப்புப் பெண்ணின் முதல் வருகை அடிமையாக இருக்கக் கூடாது என்று மறுத்துவிட்டார். 1961 ஜனவரி 27-இல் 'இல் டிரோவடோரே' நாடகத்தில் உயர்குலப் பெண்ணாகவே அங்கே நுழைந்தார். கைதட்டல் ஏறக்குறைய 40 நிமிடம் ஓயவில்லையாம்.

அதே ஆண்டு, தம் குரலுக்குக் கனமான இன்னொரு வேடத்தைப் பாடும்போது நடுவிலேயே குரல் போய்விட்டது. மீதியை வேறொரு பாடகி முடித்தார். பிரைஸ் சில வாரங்கள் ஓய்வெடுத்துத் திரும்பி வந்தார். 1970-களில் ஆப்பராவைக் குறைத்துக்கொண்டு தனிக் கச்சேரிகளைக் கூட்டினார். 1985 ஜனவரி 3-இல், அதே ஐடாவாகப் பாடி ஆப்பராவிலிருந்து விடைபெற்றார். கச்சேரிகள் 1997 வரை தொடர்ந்தன. 2001-இல், 74 வயதில், செப்டம்பர் 11 தாக்குதலில் இறந்தவர்களுக்காக ஒருமுறை பாடினார்.

ரயில்வேயில் ஒவ்வொரு பாலத்துக்கும் இன்ன பாரம்தான் என்று வரையறை உண்டு. ஒரு நாள் கூடுதலாக ஏற்றினால் பாலம் விழுந்துவிடாது. அதுதான் ஆபத்தே! விழவில்லையே என்று மறுநாளும் ஏற்றுவோம். உள்ளே விரிசல் ஓடுவது கண்ணுக்குத் தெரியாது.

குரலும் அப்படித்தான். சங்க விழா, டி.வி. போட்டி, கல்யாண வரவேற்பு என்று எட்டு வயதுக் குழந்தையை வாரம் தவறாமல் உச்சஸ்தாயியில் பாட வைக்கிறோம். மகரக்கட்டு உடையும் பையனைப் பழைய சுருதியிலேயே பாடச் சொல்கிறோம். கைதட்டல் நமக்கு, தேய்மானம் பிள்ளைக்கு.

"இந்தப் பாட்டு இப்போது வேண்டாம்" என்று சொல்லும் ஆசிரியர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். அவர்தான் பிள்ளையின் அசலைக் காப்பவர்.