மச்சினன் கொண்டு வந்த டிரைவர்

"நல்ல டிரைவரா ஒண்ணு பாக்கணும்" என்று நான் போனில் பேசிக் கொண்டிருந்ததை அரைகுறையாகக் கேட்ட தங்கமணி, "மட்டாஞ்சேரி சந்துல நம்ம கார் நுழையறதே பெரும்பாடு, இதுல டிரைவர் வேறயா?" என்றார். கார் டிரைவர் இல்லைங்க. கோல்ஃப் ஆட்டத்தில் முதல் அடிக்கு எடுப்போமே, பையிலேயே நீளமான, தலை பெருத்த மட்டை. அதற்கும் பேர் டிரைவர்தான்.

மாற்றலாகி கொச்சி வந்தபின், டாக்டர் "நட" என்று சொன்னதால் ஆரம்பித்த பழக்கம் இது. போல்காட்டித் தீவில் சின்னதாக ஒரு 9 குழி மைதானம் இருக்கிறது. சக அதிகாரி ஒருவர் கூட்டிக் கொண்டு போனார். இரவல் மட்டையில் சுமாராக ஆடிக் கொண்டிருந்தேன். விஷயம் டல்லாஸில் இருக்கும் மச்சினன் காதுக்குப் போனது. அடுத்த லீவில் வந்தவன், "அத்தான், இதான் லேட்டஸ்ட்" என்று பளபளவென்று ஒன்றை நீட்டினான். நம்மூர் விலையில் ஐம்பதாயிரத்தை நெருங்கும். 9 டிகிரி லாஃப்ட், 'ஸ்டிஃப்' தண்டு.

அன்றைக்குப் பிடித்தது சனி :-) பந்து தரையை ஒட்டிப் பறந்து, வலது பக்கம் வளைந்து புதருக்குள் போகும். மட்டையில் குறை இருக்கவே முடியாது, அவ்வளவு விலை! அப்போ குறை என்னிடம்தான் என்று இன்னும் வேகமாக வீசினேன். நாலு மாதத்தில் தோள்பட்டை பிடித்துக் கொண்டு, கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை.

கடைசியில், அளவெடுக்கும் கருவி உள்ள ஒரு கடையில் நின்று பத்து அடி அடித்துப் பார்த்தேன். என் வீச்சின் வேகம் மணிக்கு 84 மைல். அமெரிக்க பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களின் சராசரி 113 மைலுக்கு மேல். எனக்கு வந்த மட்டை அந்த ஜாதி வேகத்துக்கானது.

பேங்கில் தினமும் நான் பார்க்கிற கேஸ்தான் இது. லோன் கேட்டு வருபவரிடம் ஆசை எவ்வளவு என்றா கேட்கிறோம்? சம்பளச் சீட்டைக் காட்டுங்கள் என்கிறோம். கோல்ஃபில் வீச்சின் வேகம்தான் சம்பளச் சீட்டு. அதைப் பார்க்காமல் மட்டை வாங்கினால், தவணை கட்டுவது தோள்பட்டை.

கணக்கு இவ்வளவுதான்:

லாஃப்ட்: மட்டையின் முகம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம். வேகம் குறைந்தவருக்குப் பந்தைத் தூக்கிவிட உதவி வேண்டும். 90 மைலுக்குக் கீழே என்றால் 10.5 முதல் 12 டிகிரி வரை பாருங்கள். கொச்சிக்கு இது இன்னும் முக்கியம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையில் ஊறிய புல்லில் பந்து விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து கொள்ளும், உருளாது. காற்றில் போன தூரம் மட்டுமே கணக்கு. ஊட்டியில் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் காற்று அடர்த்தி குறைவு, அதே அடி இன்னும் தள்ளிப் போகும். அதை நம்பிக் கொச்சியில் கணக்குப் போடாதீர்கள்.

தண்டு: தோராயமாக 75 முதல் 85 மைல் வரை சீனியர், 85 முதல் 95 வரை ரெகுலர், அதற்கு மேல் ஸ்டிஃப். ஆனால் இந்தப் பெயர்களுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் ரெகுலர் இன்னொன்றின் ஸ்டிஃப் மாதிரி இருக்கும். 'சீனியர்' என்று எழுதியிருக்கிறதே என்று கௌரவமும் பார்க்க வேண்டாம்.

நீளம்: விதிப்படி 48 அங்குலம் வரை போகலாம். 2022லிருந்து பெரிய தொழில்முறைப் போட்டிகளில் 46தான். கடையில் கிடைப்பது பெரும்பாலும் 45.5. நீளம் கூடினால் வேகம் கூடலாம், ஆனால் பந்து மட்டையின் நடுவில் படுவது குறையும். நடுவில் படாத வேகத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

"வளர்ற பிள்ளைக்குச் சட்டை கொஞ்சம் பெருசாவே எடு" என்பது நம் வீட்டு வழக்கம். ஸ்டிஃப் தண்டு வாங்கி அதற்கேற்ப வளர்ந்து கொள்ளலாம் என்று சிலர் சொல்வதும் அதே கதைதான். பதினைந்து வயதுப் பையனுக்குச் சரி. நாற்பதைத் தாண்டிய நமக்கு வளரப் போவது தொப்பை மட்டும்தான்.

தூரம் வேண்டாமா என்றால், வேண்டும்தான். ஆனால் கொல்கத்தாவில் மைதானப் பராமரிப்பாளரின் மகனாக வளர்ந்த எஸ்.எஸ்.பி. சௌரஸியாவைப் பாருங்கள். நெடுந்தூரம் அடிப்பவர் என்று அவர் பேர் வாங்கவில்லை. சிப்பிங்கிலும் பட்டிங்கிலும் கெட்டிக்காரர் என்பதால் 'சிப்-புட்-சியா' என்றே பட்டப்பெயர். 2016, 2017 என்று அடுத்தடுத்து இரண்டு முறை இந்தியன் ஓப்பனை ஜெயித்தார்.

இங்கே பக்கத்தில் ஃபோர்ட் கொச்சி வெளியில் டோபி கானா இருக்கிறது. தலைமுறைகளாக நம் தமிழ் ஆட்கள்தான் துவைக்கிறார்கள். ஒரு காலையில் நின்று பாருங்கள். துணியைத் தூக்கி, இடுப்பைத் திருப்பி, கல்லில் அறையும்போது முரட்டுப் பலம் எங்கேயும் தெரியாது. எல்லாம் தாளம். தன் கைக்குத் தாங்குகிற துணியை மட்டும் தூக்கினால்தான் அந்தத் தாளம் வரும் என்று எனக்குத் தோன்றியது.

வெளிநாட்டில் இருக்கும் தம்பிமார், மச்சினன்மாருக்கு ஒரு வார்த்தை. ஊரிலிருக்கும் தையல்காரருக்கு அளவு பிளவுஸ் அனுப்பாமல் உங்கள் வீட்டில் யாராவது ரவிக்கை தைக்கக் கொடுப்பார்களா? மட்டைக்கு மட்டும் ஏன் அளவில்லாமல்? பரிசு தர ஆசையிருந்தால் அளவெடுக்கும் செலவைக் கொடுங்கள். சீட்டு வந்தபின் மட்டையைப் பார்க்கலாம். வாங்கிக் கொள்கிறவர்களும், "நல்லாருக்குப்பா" என்று பொய் சொல்லித் தோளைக் கெடுத்துக் கொள்ள வேண்டாம். நான் நாலு மாதம் சொன்னேன்.

அப்புறம் ஒரு வழியாக மச்சினனிடம் உண்மையைச் சொன்னேன். கோபித்துக் கொள்வான் என்று பயந்தேன். "அத்தான், எனக்கும் அது ஒத்து வரலை, அதான் உங்களுக்காவது வரட்டும்னு அதே மாடலை வாங்கினேன்" என்றான்!!

மட்டையை விற்கவில்லை. கழுத்தில் லாஃப்டை மாற்றும் வசதி இருந்ததால் 10.5க்குத் திருப்பினோம். அப்படிக் கூட்டும்போது முகம் கொஞ்சம் இடது பக்கம் மூடும், அதனால் வலது பக்க வளைவும் குறைந்தது. 50 கிராம் ரெகுலர் தண்டு போட்டாயிற்று. புது மட்டை விலையில் கால்வாசிதான் ஆனது. பந்து நேராகப் போகிறது. முக்கியமாக, தலை வார முடிகிறது.

பி.கு: மச்சினனும் இப்போது டல்லாஸில் அளவெடுத்து விட்டான். 81 மைல். தங்கமணியிடம் சொல்லி விடாதீர்கள், தம்பியை விட நான் 3 மைல் வேகம் :-)