நடுவுநிலைமை எங்கே பிறக்கின்றது?

தன் மாணாக்கரின் அணி போட்டியிடும் களத்திலே ஓர் ஆசிரியர் தொண்டராகவும் பணிபுரியலாமா? பாடசாலைப் பிள்ளைகள் தம் கையாலே அமைத்த றோபோக்களைக் கொண்டு மோதும் போட்டிகள் நாடெங்கும் பெருகிவரும் இந்நாளில் இவ்வினா அடிக்கடி எழுகின்றது. இதற்கு இருசாரார் இருவகை விடை கூறுவர். உள்ளம் தூயதாயின் எப்பணியும் செய்யலாம், ஆசிரியரை ஐயுறுவது அவரை அவமதிப்பதாகும் என்பர் ஒரு சாரார். அணியோடு தொடர்புடைய எவரும் களத்தின் அருகே வரலாகாது, தொடர்பற்றவரே நீதி வழங்க வல்லார் என்பர் மற்றொரு சாரார். முன்னையது கண்மூடித்தனம், பின்னையது பொய்ம்மை. இரண்டும் ஒரே தவறான எண்ணத்தினின்று பிறந்தவை. நடுவுநிலைமையைத் தனிமனிதனின் நெஞ்சிலே உறையும் ஒரு குணமாகக் கருதுவதே அவ்வெண்ணம். உண்மையில் அது, வேலைகளை நாம் எவ்வாறு பங்கிட்டுக்கொள்கின்றோம் என்பதிலேதான் பிறக்கின்றது.

இது நமக்கு வேண்டாத ஆராய்ச்சி என்று எவரும் தள்ளிவிடல் வேண்டா. க.பொ.த. உயர்தரத்திலே தொழினுட்பத்துறை 2013இல் தொடங்கப்பட்டது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்தார் நடத்தும் றோபோப் போட்டியிலே பாடசாலை மாணவர்க்கெனத் தனிப்பிரிவு உண்டு. தமிழ்மொழித்தினப் போட்டியிலே நடுவராய் அமர்ந்த ஆசிரியர் எவருக்கும், "இவர் எந்தப் பள்ளிக்கூடத்து ஆள்?" என்ற முணுமுணுப்புப் புதிதன்று. அந்த முணுமுணுப்பே இன்று புதிய கருவிகளோடு புதிய களத்துக்கு வந்திருக்கின்றது. ஆதலின் இத்தகைய போட்டி நீண்டகாலம் வேரூன்றி வளர்ந்த இடத்திலே இச்சிக்கல் எவ்வாறு கையாளப்படுகின்றது என்பதைக் காண்பது பயனுடைத்து.

அமெரிக்காவிலே டீன் கேமன் என்னும் கண்டுபிடிப்பாளர் 1989இல் நிறுவிய 'ஃபேர்ஸ்ட்' என்னும் தாபனம், 1992இல் நியூ ஹாம்ப்சயர் மாநிலத்து மான்செஸ்டர் நகரின் உயர்நிலைப் பாடசாலையொன்றிலே 28 அணிகளுடன் தன் முதற்போட்டியை நடத்தியது. இன்று அப்போட்டியிலே பல நாடுகளைச் சேர்ந்த ஆயிரக்கணக்கான அணிகள் பங்குகொள்கின்றன. ஓர் ஆட்டம் ஏறத்தாழ இரண்டரை நிமிடமே நீடிக்கும். அந்த இரண்டரை நிமிடத்தின் பின்னே எத்தனை கைகள்! அணிகளை வரிசைப்படுத்தி அழைப்போர், ஆட்டம் முடிந்ததும் சிதறிக் கிடக்கும் பொருள்களைப் பொறுக்கிப் பழையபடி அடுக்குவோர், பார்வையாளர்க்குக் காப்புக் கண்ணாடி வழங்குவோர், றோபோவின் நிறையையும் அளவையும் மின்னிணைப்பையும் விதிகளோடு ஒப்பிடும் பரிசோதகர், புள்ளி குறிப்போர், மத்தியஸ்தர், விருதுக்குரிய அணிகளைத் தெரிவுசெய்யும் நடுவர் என இவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஊதியம் பெறாத தொண்டர். ஊர் கூடி இழுத்தாலன்றித் தேர் நகராது. அந்த ஊராரிலே பலர் யார்? போட்டியிடும் அணிகளின் ஆசிரியர், பெற்றோர், பழைய மாணவர், அணிகளுக்கு வழிகாட்டும் பொறியியலாளர். எனவே, தொடர்புடையவரை விலக்கிவிட்டுப் போட்டி நடத்துவோம் என்பது, தேரை வைத்துக்கொண்டு வடம் பிடிப்போரை விரட்டுவதற்கு ஒப்பாகும்.

தூய உள்ளத்தை நம்புவோரின் வாதத்தை முதலில் நோக்குவோம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. மாதக்கணக்காய்ப் பள்ளி முடிந்த பின்னும் மாணாக்கரோடு இருந்து, ஒவ்வோர் ஆணியும் முடுக்கப்படுவதைக் கண்ட ஆசிரியரின் கண்ணுக்கு, அவ்வணியின் றோபோ தடுமாறுவது தற்செயலாகத் தோன்றும். எதிரணியின் றோபோ தடுமாறுவது குறைபாடாகத் தோன்றும். இதிலே வஞ்சகம் ஏதுமில்லை. அன்பு இருக்குமிடத்திலே பார்வை சாயும் என்பது இயல்பு. வஞ்சகனைக் கண்டுபிடித்து விலக்கலாம். தான் சாய்கின்றோம் என்பதை அறியாத நல்லவரை என் செய்வது? வள்ளுவர் நடுவுநிலைமைக்கு உவமையாகத் துலாக்கோலைக் கொண்டார். துலாக்கோல் நல்லெண்ணம் படைத்த மனிதன் அன்று. அஃது ஒரு கருவி. அதன் நேர்மை அதன் அமைப்பிலே உள்ளது. இரு தட்டும் ஒத்த நிறையுடையனவாய், நாவு எல்லோர் கண்ணுக்கும் தெரியுமாறு அமைந்திருந்தால், பிடித்திருப்பவன் வணிகனாயினும் வாங்குவோன் ஏமாறான்.

தொடர்பற்ற நிபுணரை நாடுவோரின் வாதமோ இதனினும் நலிவுடையது. அத்தகைய நிபுணர் எங்கே இருக்கின்றார்? றோபோவின் மின்னிணைப்பைப் பார்த்த மாத்திரத்திலே பழுது கூற வல்லவர், ஏதோ ஓர் அணியோடு பாடுபட்டு அவ்வறிவைப் பெற்றவரே. கம்பனிகளின் பொறியியலாளரை அழைப்போம் என்பர். அக்கம்பனிகள் தாமே தனித்தனி அணிகளுக்குப் பணமும் கருவியும் வழங்குகின்றன. அவற்றின் பொறியியலாளர் அணிகளுக்கு வழிகாட்டுகின்றனர். ஆசிரியரின் தொடர்பு அவர் அணிந்திருக்கும் சட்டையிலே அச்சிடப்பட்டிருக்கின்றது. கம்பனியின் தொடர்போ கணக்கேட்டிலே இருக்கின்றது. முன்னதைக் கண்டு பதறி, பின்னதை 'நடுநிலை' எனப் போற்றுவது வர்க்கக் குருடேயன்றி வேறன்று. தொடர்பு குற்றமாகாது; மறைக்கப்பட்ட தொடர்பே குற்றத்தின் தாய்.

அவ்வாறாயின் வழி யாது? பணிகளை இனம் பிரித்தல். பொருள்களை அடுக்குவதற்கும், அணிகளை வரிசையில் அழைப்பதற்கும் நடுவுநிலைமை பெரிதும் வேண்டப்படுவதில்லை. உடல் வலியும் பொறுமையும் போதும். அங்கே எந்த அணியின் ஆசிரியரும் தாராளமாய் உழைக்கலாம். பரிசோதகரின் பணி அளவுகோலைச் சார்ந்தது. நிறைகாட்டும் கருவி எவர் பிள்ளை என்று கேளாது. எனினும் தன் அணியின் றோபோவைத் தான் பரிசோதியாது இன்னொருவரிடம் விட்டுவிடுவதே முறை. விருதுகளைத் தீர்மானிக்கும் நடுவரின் நிலை முற்றும் வேறு. அவர்கள் மூடிய அறையிலே ஆராய்கின்றனர். அங்கே கருவி இல்லை, கருத்தே உண்டு. ஆகவே அப்பணியேற்போர் தம் தொடர்பை முன்னரே அறிவித்து, தம் அணி பற்றிய ஆய்வினின்று விலகி நிற்றல் வேண்டும். அதாவது, தீர்ப்பு எத்துணைக்கு மனிதனின் கருத்தைச் சார்ந்திருக்கின்றதோ, அத்துணைக்குத் தொடர்புடையவர் தொலைவில் நிற்றல் வேண்டும். மத்தியஸ்தரின் முடிவிலே ஐயம் எழுந்தால், 'ஃபேர்ஸ்ட்' போட்டியிலே களத்தருகே குறிக்கப்பட்ட ஓரிடத்துக்கு ஒரு மாணவரே சென்று வினவ வேண்டும். ஆசிரியரும் பெற்றோரும் அங்கே வாதாட இயலாது. செல்வாக்குள்ள அதிபரின் உரத்த குரலுக்கு அங்கு இடமில்லை. நம் நாட்டுப் போட்டிகள் கடன் வாங்க வேண்டியது இவ்வொழுங்கையே.

இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. அப்போட்டியிலே அணிகள் தனித்து மோதுவதில்லை. மூன்று அணிகள் சேர்ந்து மூன்று அணிகளை எதிர்கொள்கின்றன. தொடக்கச் சுற்றுகளிலே யார் யாரோடு சேர்வது என்பதை அணிகள் தெரிவதில்லை, அட்டவணையே தீர்மானிக்கின்றது. இந்த ஆட்டத்தில் எதிரியாய் நின்றவர் அடுத்த ஆட்டத்தில் தோழராய் வரக்கூடும். எனவே பக்கத்துக் கூடத்திலே பழுதுபட்டுக் கிடக்கும் றோபோவுக்குத் தன் உதிரிப்பாகத்தைக் கொடுத்துதவுவது வெறும் தருமமன்று. தன் நலமும் அதிலே அடங்கியிருக்கின்றது. மாசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்துப் பேராசிரியர் வூடி ஃபிளவர்ஸ் பண்பார்ந்த தொழில்நேர்மை என்னும் கருத்தை அங்கே பரப்பினார். எனினும் அதனை உயிரோடு காப்பது போட்டியின் இவ்வமைப்பே. பிறர் நலத்திலே தன் நலம் கிடக்குமாறு உறவுகளை அமைத்தால் மனிதர் ஒத்துழைப்பர் என்னும் உண்மை, முதலாளித்துவத்தின் தலைநாட்டிலேயே பள்ளிப்பிள்ளைகளால் மெய்ப்பிக்கப்படுகின்றது. எல்லா அணிகளுக்குமாக உழைக்கும் ஆசிரியத் தொண்டர் இவ்வுண்மையின் கண்கண்ட சான்று.

ஆனால் இந்தப் புகழுரையோடு நாம் நின்றுவிட்டால் பாதி உண்மையையே கூறியவராவோம். களத்தினுள்ளே நீதி, வாயிலிலே? அப்போட்டியின் ஒரு பருவத்துக்கான பதிவுக் கட்டணம் மட்டுமே ஐயாயிரம், ஆறாயிரம் டொலர் என்னும் அளவில் இருந்துவந்துள்ளது. 2022ஆம் ஆண்டின் ஆட்டப்பெயரோடு போயிங் கம்பனியின் பெயரும் ஒட்டி வழங்கிற்று. போர்விமானம் செய்வோரின் பெயர் பிள்ளைகளின் விளையாட்டின்மேல்! 2017இல் வாஷிங்டனிலே நடந்த உலக மாணவர் றோபோப் போட்டிக்கு ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரத்துப் பெண்பிள்ளைகள் புறப்பட்டபோது இருமுறை விசா மறுக்கப்பட்டது. உலகெங்கும் கண்டனம் எழுந்த பின்னரே கதவு திறந்தது. சோழன் முதலாம் பராந்தகனின் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் குடவோலை முறையை விரிக்கின்றன. குடத்தினின்று ஓலை எடுத்தது ஒரு சிறுவன், எடுப்பிலே சூதில்லை. ஆயின் குடத்துக்குள்ளே வீழ்ந்த பெயர்கள் காணியுடையோரின் பெயர்களே. சூதில்லாத தெரிவும் சமத்துவமில்லாத குடமும் ஒருங்கே இருத்தல் கூடும். தொண்டரின் தொடர்பைத் துருவித் துருவி ஆராயும் கனவான்கள், குடத்துக்குள் எவர் பெயர் விழுகின்றது என்று ஒருபோதும் கேட்பதில்லை.

தொண்டிலும் இவ்வேற்றத்தாழ்வு நுழைகின்றது. வசதி படைத்த கல்லூரி ஐந்து பேரைத் தொண்டுக்கு அனுப்பிய பின்னும் அதன் அணியோடு பத்துப்பேர் நிற்பர். பின்தங்கிய ஊர்ப் பாடசாலைக்கோ அதிகாலைப் பேருந்திலே பிள்ளைகளை அழைத்துவரும் ஒரே ஓர் ஆசிரியை. அவரும் தொண்டுக்குப் போய்விட்டால் கழன்ற கம்பியோடு பிள்ளைகள் தனித்து நிற்பர். ஒவ்வோர் அணியும் தலைக்கு ஒருவர் தரவேண்டும் என்னும் விதி காகிதத்திலே சமத்துவம் போலத் தோன்றும். நடைமுறையிலே அஃது ஏழைப் பாடசாலையின்மேல் விதித்த வரியாகும். அதே வேளை, தொண்டு முழுவதும் பெரிய கல்லூரிகளின் கைக்குப் போய்விடின், விதியை விளக்குவோரும் களத்தின் நெளிவுசுளிவு அறிந்தோரும் அவர்களாகவே அமைவர். வேலியே பயிரை மேய்ந்தது என்ற பழி வராவிடினும், வேலிக்கு அருகிலுள்ள பயிர் செழிப்பது நிச்சயம்.

ஊதியமில்லாத் தொண்டு முதலாளிமாரின் விளம்பரத்துக்குச் செய்யும் இலவச வேலை அன்றோ என்று நம்மவர் சிலரே வினவுவர். வினா நியாயமானது. ஆயினும் சிரமதானத்திலே கிணறு வெட்டும் ஊரவன், அந்தத் தண்ணீர் யாருக்கு என்று கேட்டே மண்வெட்டியைத் தூக்குகின்றான். நாமும் அவ்வாறே கேட்போம். தொண்டு செய்வோருக்கே போட்டியின் விதிகளை வகுப்பதிலும் பங்கு வேண்டும். அது மறுக்கப்படும் இடத்திலே தொண்டு வெறும் கூலியில்லா வேலையாகிவிடும்.

ஆகவே ஆசிரியத் தோழர்களே, மாணவ நண்பர்களே, நம் நாட்டிலே இத்தகைய போட்டிகள் நிலைபெறுமுன்னரே நாம் கோரவேண்டியவை சில உள. தொண்டர் ஒவ்வொருவரின் அணித்தொடர்பும் பலகையிலே எழுதப்படல் வேண்டும். தன் அணி பற்றிய தீர்ப்பினின்று விலகுதல் விதியாதல் வேண்டும். அது பெருந்தன்மையாகக் கொண்டாடப்படலாகாது. தொண்டர் தொகை பாடசாலையின் வலுவுக்கேற்பக் கேட்கப்படல் வேண்டும். தனியே வரும் ஆசிரியைக்குப் பயணச் செலவும், அவர் தொண்டிலே நிற்கும் நேரம் அவர் அணிக்கு வேறொரு துணையும் வழங்கப்படல் வேண்டும். விதிகளும் நடுவரின் வினாக்களும் தமிழிலும் சிங்களத்திலும் இருத்தல் வேண்டும். ஆங்கில நாவன்மையைப் பொறியியல் அறிவாக எண்ணிப் புள்ளி வழங்கும் வழக்கம் களத்துக்குள் நுழையலாகாது. எந்தப் பொருள்தருநரின் பெயரும் பிள்ளைகளின் உழைப்புக்கு மேலே தொங்கலாகாது.

இவை பெரிய கோரிக்கைகள் அல்ல. ஒரு பலகை, ஒரு விதி, ஒரு பேருந்துக் கட்டணம், இரு மொழிகள். இவற்றைக் கொடுக்க மனமில்லாதவர் நம்மை நோக்கி, "உமது உள்ளம் தூயதா?" என்று வினவும் உரிமை அற்றவர்.