கோழிக்குக் கிடைச்ச ஒரே தட்டு!

பிரியாணிக்காக கேன்டீன் வாசல்ல தவம் கிடக்கும் மக்களே... இன்னிக்கு மேட்டர் தட்டுல இருக்கிற கோழி இல்லை, கோழிக்குள்ள இருக்கிற தட்டு!

1907-ல ஹங்கேரியில் யோசெஃப் மாரெக் என்ற கால்நடை டாக்டர், காலும் இறக்கையும் முடங்கிப்போன சில சேவல்களைப் பற்றி எழுதினார். அவர் பேராலேயே அது 'மாரெக் நோய்' ஆச்சு. நரம்பை முடக்கும், உடம்புக்குள்ள கட்டி வளர்க்கும். இது ஒரு ஹெர்பஸ் வைரஸின் வேலைன்னு கண்டுபிடிச்சது 1967-ல.

ஆனா, வில்லன் யாருன்னே தெரியாத 1935-லயே அமெரிக்காவின் கார்னெல் யுனிவர்சிட்டியில் ஹட், கோல்னு ரெண்டு பேர் வேலையை ஆரம்பிச்சுட்டாங்க. அப்போ கோழிக்கு வர்ற கட்டி நோய் எல்லாத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே பேர்தான். இவங்க ஐடியா சிம்பிள். எந்தக் குடும்பத்துக் குஞ்சுங்க தாக்குப்பிடிக்குதோ, அந்தக் குடும்பங்கள்ல இருந்தே அடுத்த தலைமுறையை உருவாக்குவது. எது பொத்துப் பொத்துனு விழுதோ, அதையும் தனியா வளர்ப்பது. பின்னாடி 1960-கள்ல கோல், மாரெக் வைரஸையே நேரடியா கொடுத்து இதே விளையாட்டை ஆடினார். சில தலைமுறைதான்... ஒரு பரம்பரை கல்லு மாதிரி நின்னது, இன்னொண்ணு கொத்துக் கொத்தா செத்தது. ரெண்டுக்கும் ஒரே தீனி, ஒரே வைரஸ். வித்தியாசம் ஜீன்ல மட்டும்!

எந்த ஜீன்? 1977-ல விடை வந்தது. ரத்த வகையை வெச்சு அடையாளம் காணும் 'பி' என்ற ஜீன் கூட்டம். தப்பிச்ச பரம்பரையில் இருந்தது பி-21, விழுந்ததுல பி-19.

இங்கேதான் நம்ம தட்டு வருது. உடம்பில் ஒவ்வொரு செல்லும் தனக்குள்ள என்ன புரோட்டீன் இருக்குன்னு ஒரு துண்டை எடுத்து, வாசல்ல தட்டுல வெச்சுக் காட்டும். ரோந்து வர்ற டி-செல் அதைப் பார்க்கும். வைரஸ் துண்டு கண்ணுல பட்டா, அந்த செல்லை அங்கேயே காலி பண்ணிடும். மனுஷனுக்கு இந்தத் தட்டு அப்பா வழியில் மூணு, அம்மா வழியில் மூணு, ஆக ஆறு வரைக்கும் இருக்கும். ஒண்ணுல ஒட்டாத துண்டு இன்னொண்ணுல ஒட்டிக்கும். கோழிக்கோ அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, அவ்வளவுதான் பெரும்பாலும் வேலை செய்யும். 1999-ல இந்த ஜீன் கூட்டத்தின் மையப் பகுதியைப் படிச்சுப் பார்த்தா, 92,000 எழுத்துக்குள்ள வெறும் 19 ஜீன்! நமக்கு அதே பகுதி கிட்டத்தட்ட 40 லட்சம் எழுத்து. சிங்கிள் ரூம்ல மொத்த குடும்பமும் குடியிருக்கிற மாதிரி.

ஒரே தட்டுன்னா, அது எப்படிப்பட்ட தட்டுங்கிறதுதான் தலையெழுத்து. பி-21 தட்டு ரொம்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கும், விதவிதமான துண்டுகளைப் பிடிச்சுக் காட்டும். பி-19 கறார் பேர்வழி, சில வகைதான் அதுக்குள்ள உட்காரும். வைரஸோட துண்டு அதில் பொருந்தலைன்னா டி-செல் பேசாம நடந்து போயிடும்.

'அப்போ எல்லா கோழிக்கும் பி-21 போட்டுட வேண்டியதுதானே பாஸ்?'னு கேட்பீங்க. முட்டைக்கோழி பிரீடிங்ல ரத்தம் டெஸ்ட் பண்ணியே இப்படிப் பொறுக்கியிருக்காங்க. ஆனா வர்ஜீனியாவுல 1970-கள்ல ஆரம்பிச்ச ஒரு ஆராய்ச்சி கொஞ்சம் யோசிக்க வைக்குது. ஆட்டு ரத்த அணுக்களை ஊசி போட்டு, அதிகமா ஆன்டிபாடி தயாரிச்ச கோழிகளையே தலைமுறை தலைமுறையா பொறுக்கினாங்க. அந்தக் கோழிங்க எடை குறைஞ்சுது, பருவத்துக்கு வர்றதும் லேட். வெள்ளைக்கழிசல் வைரஸை நல்லா சமாளிச்சதுங்க, ஈ.கோலை பாக்டீரியாகிட்ட மட்டும் மத்த பரம்பரையைவிட சுலபமா அடி வாங்குச்சுங்க! 'நாட்டுக்கோழிக்கு எந்த நோயும் அண்டாது'ன்னு அடிச்சுப் பேசுறவங்க, வெள்ளைக்கழிசல் வந்து ஒரே வாரத்துல கூடை காலியான கதையை ஊர்ப் பாட்டிகிட்ட கேளுங்க. எதிர்ப்பு சக்தின்னு ஒரே சரக்கு கிடையாது. எந்த நோய்க்கு எதிர்ப்புங்கிறதுதான் கேள்வி.

தடுப்பூசி இருக்கே? இருக்கு, ஹேட்சரியிலேயே போட்டு அனுப்புறாங்க. ஆனா மாரெக் ஊசி கோழி சாகாம காப்பாத்துமே தவிர, வைரஸ் உள்ளே வளர்ந்து வெளியே பரவுறதை முழுசா நிறுத்தாது. ஊசி போட்ட கோழி உயிரோட நடமாடி, ரொம்பக் கொடூரமான ரக வைரஸையும் நாள் கணக்கா பரப்பும்னு 2015-ல ஆண்ட்ரூ ரீட் குழு காட்டினாங்க. ஊசி போடாத கோழியா இருந்தா அந்த ரகம் தாக்கி சீக்கிரமே செத்திருக்கும், வைரஸும் அதோட நின்னிருக்கும்.

அதனால பிரீடருக்கு ஊசியும் வேணும், பரம்பரையும் வேணும். ஆயிரக்கணக்கான கோழி ஒரே ஷெட்டில், எல்லாத்துக்கும் ஒரே மாதிரி தட்டுன்னு இருந்தா, அந்தத் தட்டுல பொருந்தாத ஒரு வைரஸ் வர்ற அன்னிக்கு முழு ஷெட்டும் காலி.