மலைமேல் வைத்த கண்ணாடித் தகடு

வலது கையைச் சற்று நீட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று நிதானமாக எண்ணுங்கள். நீங்கள் ஓர் எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள், ஆகாயத்திலிருந்து வந்த துகள் ஒன்று உங்கள் உள்ளங்கையைத் துளைத்துக்கொண்டு போய்விடுகிறது. வலித்ததா? வலிக்காது. பயப்படவும் வேண்டாம், நம் பாட்டனாரின் பாட்டனார் காலத்துக்கு முன்பிருந்தே நடந்து வருகிற சங்கதிதான்.

காஸ்மிக் கதிர்கள் என்று சொல்கிறார்களே, அவற்றின் மிச்சம் மீதி இது. 1912-ல் விக்டர் ஹெஸ் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி பலூனில் ஏறி ஐந்து கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் போய்ப் பார்த்தார். பூமியை விட்டு விலக விலக இந்தக் கதிர்வீச்சு குறைந்திருக்க வேண்டும். அதுவோ கூடிக்கொண்டு போயிற்று! வானத்திலிருந்துதான் வருகிறது என்று தெரிந்தது. அப்படி வருகிற துகள் காற்றிலுள்ள அணுக்களில் மோதிச் சிதறி, சிதறியவை மறுபடியும் மோதி, கீழே வந்து சேர்வதற்குள் ஆள் அடையாளமே மாறிவிடுகிறது. கடற்கரையில் இருந்துகொண்டு இதை ஆராய்வது, கடைசிப் பந்தியில் உட்கார்ந்து பாயசத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்கிற மாதிரி.

ஆகவேதான் இந்த விஞ்ஞானிகள் மலையேறுகிறார்கள். நம் ஊட்டியிலேயே சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தார் நூற்றுக்கணக்கான கருவிகளைப் பரப்பி வைத்து இரவு பகலாகக் கணக்கெடுக்கிறார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது, இத்தனை வசதி இல்லாத நாளில் ஒரு வங்காளப் பெண் செய்த காரியத்தை.

பெயர் பிபா சௌதுரி. 1936-ல் கல்கத்தா சர்வகலாசாலையில் பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. தேறியவர். அந்த வகுப்பில் அவர் ஒருவரே பெண். ஜகதீஷ் சந்திர போஸின் சகோதரி மகனான தேவேந்திர மோகன் போஸிடம் ஆராய்ச்சி செய்யப் போனார். பெண்களுக்குக் கொடுக்கிற மாதிரி வேலை எதுவும் தம்மிடம் இல்லை என்றாராம் அவர். பிபா திரும்பிப் போகவில்லை. பிடிவாதமாக நின்று சேர்ந்துகொண்டார்.

இருவரிடமும் இருந்த கருவி என்ன தெரியுமா? பழைய போட்டோ ஸ்டூடியோக்களில் பார்த்திருப்பீர்களே, மருந்து பூசிய கண்ணாடித் தகடு, அதுதான். மின்சாரம் வேண்டாம், காவலுக்கு ஆள் வேண்டாம். டார்ஜீலிங்கில் சுமார் 7,000 அடி உயரத்திலும், சந்தக்பூவில் சுமார் 12,000 அடி உயரத்திலும் தகடுகளை மாதக்கணக்கில் வைத்தார்கள். மின்னூட்டமுள்ள துகள் மருந்துப் பூச்சை ஊடுருவிப் போனால் அதன் பாதை நெடுக வெள்ளி மணிகள் அரும்பும். தகட்டைக் கழுவி மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தால் கறுப்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும்.

அதற்குப் பிறகு ஆரம்பிக்கிறது கண் நோகிற வேலை. புரோட்டான் போன்ற கனத்த துகளானால் புள்ளிகள் நெருக்கமாக, ஏறக்குறைய நேர்கோட்டில் விழும். லேசான துகளானால் இடைவெளி அதிகம். பாதையும் இப்படியும் அப்படியும் வளையும். அந்த இடைவெளியையும் வளைவையும் ஒவ்வொன்றாக அளந்து, துகளின் எடையைக் கணக்கிட்டார்கள். எலெக்ட்ரானைப் போல் சுமார் இருநூறு மடங்கு! மீசான் என்று அப்போது பேசப்பட்ட துகள் அது. முடிவுகள் 1941-லும் 1942-லும் 'நேச்சர்' பத்திரிகையில் வெளிவந்தன.

இன்னும் தெளிவாகப் பார்க்க உயர்ந்த ரகத் தகடு தேவைப்பட்டது. இவர்களிடம் இருந்தது 'ஹாஃப்-டோன்' என்கிற ரகம். 'ஃபுல்-டோன்' தகடு யுத்தத்தின் காரணமாகக் கிடைக்கவில்லை. வேலை அந்த இடத்தில் நின்றது.

யுத்தம் முடிந்ததும் இங்கிலாந்தில் புது மருந்து பூசிய தகடுகள் தயாராயின. பிரிஸ்டலில் ஸெஸில் பவலும் சகாக்களும் அவற்றைப் பிரான்ஸ் நாட்டின் பீக் து மிடி சிகரத்திலும், பொலிவியாவின் சகல்டாயா மலையிலும் வைத்தார்கள். 1947-ல் பயான் என்ற துகள் அகப்பட்டது. 1950-ல் பவலுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பரிசைத் தட்டிப் பறித்துவிட்டார்கள் என்று சிலர் கொதிக்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. மீசான் ஒன்றல்ல, இரண்டு வகை. ஒன்று அழிந்து மற்றொன்று பிறக்கிறது என்று பவலின் தகடு காட்டியது. சந்தக்பூ தகட்டுக்கு அந்தச் சக்தி இல்லை. போஸும் சௌதுரியும் கையாண்ட முறை சரியானதே என்று பவலும் பிற்பாடு தம் புத்தகத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனாலும், கல்கத்தாவுக்கு அந்த நல்ல தகடு ஒரு பெட்டி வந்து சேர்ந்திருந்தால்? இந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை.

பிபா அதோடு சோர்ந்து உட்காரவில்லை. மான்செஸ்டர் போய்ப் பிளாக்கெட்டின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்து டாக்டர் பட்டம் பெற்றார். 1949-ல் டாடா கழகத்தில் சேர்ந்தார். அங்கே முதல் பெண் ஆராய்ச்சியாளர் அவர்தான். மலை உச்சியில் ஆரம்பித்தவர், பிற்காலத்தில் கோலார் தங்கச் சுரங்கத்துப் பரிசோதனைகளிலும் பங்குகொண்டார். பெரிய விருது எதுவும் வரவில்லை. 1991-ல் காலமானார்.

2019-ல் சர்வதேச வானியல் சங்கத்தார் ஸெக்ஸ்டன்ஸ் என்ற நட்சத்திர மண்டலத்திலுள்ள ஒரு நட்சத்திரத்துக்கு 'பிபா' என்று பெயர் வைத்தார்கள். வங்காளிகள் 'வி'யைப் 'பி' என்பார்கள். நம் உச்சரிப்பில் விபா, அதாவது ஒளி. வெறும் கண்ணுக்குத் தெரியாது, தூரதர்சினி வேண்டும்.